முப்பது அடிச் சாலையும் நான் திரும்ப வாங்கிய அறிக்கையும்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். கேட்டவர் நல்ல மனுஷர். "கசப்பா எதுவும் வேணாம் மேடம், கொஞ்சம் ஊக்கம் தர்ற மாதிரி" என்றும் சொல்லிவைத்தார். ஊக்கம் தருவதற்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். பிறகு, நான் எழுதாவிட்டால் வேறு யாராவது இனிக்க இனிக்க எழுதித் தந்துவிடுவார்களே என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் இந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாம்.

செங்கல்பட்டில் உட்கார்ந்து இருபத்தாறு வருஷம் வீடுகளுக்கு மதிப்பு எழுதினேன். வங்கி வீட்டுக்கடன் கொடுப்பதற்கு முன்னால் ஒரு இன்ஜினியரை அனுப்பி, வீடு இருக்கிறதா, சொன்ன அளவில் இருக்கிறதா, சாலை உண்டா என்று பார்த்து எழுதி வாங்கும். அந்த இன்ஜினியர்களில் நான் ஒருத்தி. அளப்பது எப்படி என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

விளம்பரத் தாளைப் படிக்க மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. கருங்குழிப் பக்கம் ஒரு மனை, படத்தில் பச்சைப் பசேல் என்று இருந்தது. கார்த்திகையில் போய்ப் பார்த்தேன். எல்லைக் கல்லின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. விற்கிறவரைக் கேட்டால், "நல்ல நீர்வளம்னு போட்டிருக்கோமே மேடம்" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். முட்டுக்காட்டில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குக் 'கழிமுகக் காட்சி' என்று தனி விலையே வைத்திருந்தார்கள். குளியலறையில் முக்காலி போட்டு ஏறி, காற்று வரும் சின்ன ஜன்னல் வழியாகக் கழுத்தை வளைத்தால் படகுத்துறையின் ஒரு மூலை தெரிந்தது உண்மைதான். இந்த ஆட்கள் பச்சையாகப் பொய் சொல்வது குறைவு. உண்மையிலிருந்து தங்களுக்கு வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டுவார்கள். மீதியைத் தேடுவதுதான் நம் வேலை. நான் அதைத் தேடாமல் விட்ட ஒரு முறையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அது தொழிலுக்கு வந்த புதிதில் செய்த தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது எனக்கு இருபது வருஷ அனுபவம் இருந்தது. எல்லாம் தெரியும் என்ற திமிரும் அதற்குச் சமமாக இருந்தது.

புதுப்பட்டினத்துக்கு மேற்கே, ஏரியை ஒட்டி ஒரு நகர். பெயர் வேண்டாம், 'கார்டன்' என்று முடியும். பன்னிரண்டு தனி வீடுகள், மூன்றில் குடிவந்துவிட்டார்கள், மற்றவை விற்பனைக்கு. அதில் ஒன்றை வாங்க வந்தவர் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். முப்பது வருஷம் குவார்ட்டர்ஸிலேயே இருந்துவிட்டு, ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போதுதான் வீடு தேட ஆரம்பித்திருந்தார். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் செங்கல்பட்டுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வரவேண்டும். போகும்போதாவது பரவாயில்லை, திரும்பி வரும்போது அந்த அம்மாவால் பத்து அடி சேர்ந்தாற்போல் நடக்க முடியாது.

நான் வீட்டை அளந்துகொண்டிருந்தபோது அவர் என் பின்னாலேயே வந்தார். சமையலறை எத்தனை அடி, மேல்தளம் எத்தனை அடி என்று ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"வேன் வாசல் வரைக்கும் வரணும் மேடம். எனக்கு அது போதும்."

வரும் என்றேன். நானே வாசல் வரை காரில்தான் வந்திருந்தேன். விற்பவர் அனுப்பிய கார். அந்த நகரைப் போட்ட நகர்க்காரருக்கு ஐம்பது வயது, பேச்சில் தேன் வழியும். காலையிலேயே செங்கல்பட்டில் என் வீட்டு வாசலுக்குக் குளிர்சாதனக் காரை அனுப்பிவிட்டார். வழியில் நிறுத்தி நுங்கு வாங்கிக் கொடுத்தார்கள். தார்ச்சாலையிலிருந்து ஒரு சவுக்குத் தோப்புக்குள் கார் திரும்பியது. பெரிய இரும்புக் கேட், அகலத் திறந்து கிடந்தது. உள்ளே நேர்கோடாகத் தார் போட்ட சாலை, நேரே நகரின் வாசலில் போய் முடிந்தது. இறங்கி டேப் வைத்து அளந்தேன். சரியாக முப்பது அடி. பத்திரத்தில் 'தெற்கே முப்பது அடி சாலை' என்று இருந்தது. போனில் மேப்பைப் பார்த்தேன், அதுவும் அந்த வழியைத்தான் காட்டியது. 'முப்பது அடி தார்ச்சாலை, வாகனங்கள் வாசல் வரை செல்லும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சாலை எவ்வளவு அகலம் என்று பார்த்த நான், அது யார் நிலத்தில் கிடக்கிறது என்று பார்க்கவில்லை. அதை வங்கி வக்கீல் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். நேரில் போகிற இன்ஜினியர் பார்த்திருப்பார் என்று வக்கீல் நினைத்திருந்தார். நம் தொழிலில் வீடு வாங்குபவர்கள் விழுகிற பள்ளம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

கடன் பாஸ் ஆனது. வெள்ளிக்கிழமை பத்திரப்பதிவு என்று முடிவாகியிருந்தது.

அதே வாரம் புதன்கிழமை, வேறொரு வீட்டை அளக்கப் புதுப்பட்டினம் போயிருந்தேன். என் ஸ்கூட்டர் அன்று மக்கர் பண்ணியதால் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் குப்பத்திலிருந்து மீன் விற்கப் போகும் ஒரு அம்மா, மடியில் கூடை. எங்கே போகிறாய் என்று பேச்சுக் கொடுத்தார். வீடுகளுக்கு மதிப்புப் போடுகிறவள் என்றேன். அந்தக் கார்டனையும் நான்தான் பார்த்தேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எப்டி போன நீ? கேட்டு பூட்டிகினு கீதே."

திறந்துதான் இருந்தது, காரிலேயே போனேன் என்றேன்.

"காரு வர்ற அன்னிக்கு தொறப்பானுங்க. ஞாயித்துக்கெயம தொறப்பானுங்க. அது இன்னா அவங்க ரோடா? தோப்புக்காரர் எடம். அங்க குடியிருக்கறவங்களே ஏரிக்கரை மேலதான் நடந்து வர்றாங்க. நான் கூடைய தூக்கினு அப்டித்தான் போறேன். மய பேஞ்சா காலு வைக்க முடியாது."

சொல்லிவிட்டுத் தன் நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இருபது வருஷத்தில் எந்தச் சீனியரும் எனக்குக் கற்றுத்தராததை அந்த ஆட்டோவில் கற்றேன். விற்பவர் அனுப்பும் காரில் போகிறவளுக்கு, விற்பவர் காட்ட நினைக்கிற சாலைதான் தெரியும். அன்றிலிருந்து நான் விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போனதே இல்லை. நீங்களும் போகாதீர்கள். பஸ்ஸில் போய் இறங்குங்கள், நடந்து போங்கள், அந்த இடத்துக்குத் தினமும் நடந்துபோகிறவர்களைக் கேளுங்கள்.

அன்று அளக்க வந்த வீட்டை விட்டுவிட்டு நேரே அந்தக் கார்டனுக்குப் போனேன். கேட்டில் சங்கிலி, பெரிய பூட்டு. தோப்புக் காவலாளி உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். திறக்கச் சொன்னேன். தோப்பு முதலாளியிடமிருந்து போன் வந்தால்தான் திறப்பேன், மூடச் சொல்லி வந்தால் மூடுவேன், வேறொன்றும் தெரியாது என்றார். மீதி வீடுகள் விற்கிற வரைக்கும்தான் இந்த ஏற்பாடு, அப்புறம் தோப்பைச் சுற்றிச் சுவர் எடுக்கப்போகிறார்கள் என்று அவராகவே சொன்னார். நான் ஏரிக்கரை வழியாக நடந்து நகரின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தேன். சில இடங்களில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது.

அலுவலகத்துக்கு வந்து எங்கள் முதலாளியிடம் சொன்னேன். எங்கள் நிறுவனத்தில் மூன்றே இன்ஜினியர்கள், அவர்தான் தலைவர். கெட்டவர் இல்லை. ஆனால் வங்கி மதிப்பீட்டு வேலை தரும் நிறுவனங்களின் பட்டியலில் எங்கள் பெயர் நிலைக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கவலை கிடையாது. பத்திரத்தில் சாலை இருக்கிறது, நீ அளந்ததும் உண்மை, விடு என்றார். நீயே உன் அறிக்கையைத் தப்பு என்று எழுதிக்கொடுத்தால் இதுவரை எழுதிய அத்தனையையும் தோண்ட ஆரம்பிப்பார்கள் என்றார். தோண்டட்டும் என்றேன்.

"அப்போ நீ இங்க இருக்க முடியாதும்மா" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

சரி என்றேன். இப்படி ஒரு நிமிஷம் உங்களுக்கும் வரும். அப்போது மண்டைக்குள் நூறு நியாயங்கள் வரிசையில் வந்து நிற்கும். பிள்ளை படிப்பு, வீட்டு வாடகை, இவ்வளவு வருஷம் சேர்த்த பெயர். எனக்கும் வந்தன. வரிசையில் நின்றபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு உட்கார்ந்து கடிதம் எழுதினேன். 'நான் கொடுத்த அறிக்கையில் சாலை பற்றிய விவரம் தவறு. அந்தச் சாலை வேறொருவரின் நிலம். அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்.' மூன்றே வரி. மறுநாள் காலை வங்கியில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். மேனேஜர் அந்தக் கடிதத்தை விரல் நுனியால் தொட்டார், ஏதோ ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல.

அதற்குப் பிறகுதான் டெக்னீஷியனுக்குப் போன் செய்தேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. கத்தித் தீர்த்துவிட்டார். போன வாரம் நீங்கள்தானே சரி என்று எழுதினீர்கள், இப்போது வந்து இல்லை என்றால் நான் என் பெண்டாட்டியை எங்கே வைப்பேன், தெருவிலா என்றார். நகர்க்காரர் வேறு வங்கியில் ஏற்பாடு செய்கிறாராம், என் அறிக்கையின் நகலை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறாராம், அதை வைத்தே முடித்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறாராம். போனை வைத்துவிட்டார்.

நான் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்றாம் முறை அவர் மனைவி எடுத்தார். நான் இன்னார் என்று சொல்லி, ஒன்றே ஒன்று கேட்டேன். இன்று சாயங்காலம், நகர்க்காரருக்குச் சொல்லாமல், நீங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள், நானும் வருகிறேன்.

வந்தார்கள், டயாலிசிஸுக்குப் போகிற அதே வேனில். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட் பூட்டியிருந்தது. அவர் நகர்க்காரருக்குப் போன் செய்தார். பத்தே நிமிஷத்தில் திறக்கச் சொல்கிறேன் சார், முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று மறுமுனையில் சொன்னது எனக்கே கேட்டது. முன்னாடியே சொல்லியிருக்கலாமே! சொந்த வீட்டுக்குள் போகிறவர் யாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும்? அந்த அம்மா காத்திருக்கவில்லை. கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஏரிக்கரை தொடங்கும் இடம் வரை வந்தார். அந்த நடைக்கே மூச்சு வாங்கியது. கரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏங்க, இதுல என்னய தூக்கிட்டா போவிய?"

அவர் கோபத்தை எல்லாம் எங்கே வைப்பது என்று தெரியாத ஆள் மாதிரி நின்றார். பிறகு மனைவியை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வெள்ளிக்கிழமைப் பதிவுக்கு அவர்கள் போகவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். என் கடிதம் வங்கியின் கோப்புக்குள் பத்திரமாகப் படுத்திருந்தது. என் அறிக்கையோ வெளியே சுற்றிக்கொண்டிருந்தது. நகர்க்காரர் அதை லேமினேட் பண்ணி வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார் என்று டெக்னீஷியன் பேச்சிலிருந்தே புரிந்தது. வங்கி இன்ஜினியரே எழுதிக் கொடுத்திருக்கிறார் பாருங்கள் என்று. யோசித்துப் பாருங்கள், என் கையெழுத்து அங்கே நின்று எனக்குத் தெரியாமல் வீடு விற்றுக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கடிதத்தின் நூறு நகல் எடுத்துக்கொண்டு அந்தக் கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். பொதுச் சாலை, யாரும் போகச் சொல்ல முடியாது. வெயில் ஏறுவதற்குள் முதல் கார் வந்தது. ஜன்னலைத் தட்டி, இந்தச் சாலையைச் சரி என்று எழுதிய இன்ஜினியர் நான்தான், தப்பாக எழுதிவிட்டேன், இதைப் படியுங்கள் என்று ஒரு தாளைக் கொடுத்தேன். அவர்கள் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்தார்கள். படிக்கும்போது முகம் மாறியது. கூட்டம் சேர்வதைப் பார்த்த தோப்புக் காவலாளி, தனக்கு எதற்கு வம்பு என்று கேட்டைத் திறக்காமலே உள்ளே போய்விட்டார்.

மூன்றாவது கார் வந்தபோது எனக்குப் பின்னால் ஒரு வேன் வந்து நின்றது. டெக்னீஷியன் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இந்தச் செய்தி எப்படிப் போனது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. பின்பக்கக் கண்ணாடி இறங்கியது.

"எனக்கும் கொஞ்சம் தாளு தாங்க. உக்காந்துக்கிட்டே குடுக்கேன்" என்றார் அந்த அம்மா.

கொடுத்தேன். அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, வருகிற கார்களை எல்லாம் நிறுத்தினார். என்னைத் தாண்டிப் போனவர்கள்கூட அவரைத் தாண்டிப் போகவில்லை.

பத்து மணி வாக்கில் நகர்க்காரர் வந்தார். தேன் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. என் மேல் மானநஷ்ட வழக்குப் போடுவேன் என்றார். போடுங்கள், கோர்ட்டில் இன்னும் சத்தமாகச் சொல்வேன் என்றேன். போலீஸைக் கூப்பிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் பைக்கில் வந்து இறங்கி, யாரைக் கேட்டு இங்கே நோட்டீஸ் கொடுக்கிறாய் என்று என்னை அதட்டினார்.

"என் கையெழுத்தை நான் திருப்பி வாங்கறேன் சார். அதுக்கு யாரைக் கேக்கணும்?" என்றேன்.

அவர் மேலே ஏதோ சொல்ல வாய் திறப்பதற்குள் வேனுக்குள்ளிருந்து அந்த அம்மா பேசினார். சத்தம் போடவில்லை. அவரிடம் அவ்வளவு சத்தமும் கிடையாது.

"சார், நான் இங்க வீடு வாங்க இருந்தவ. வாரத்துக்கு மூணு நாளு ஆஸ்பத்திரிக்குப் போணும். ரோடு அவருது தானாம். அப்ப இந்தப் பூட்டுக்குச் சாவிய எடுக்கச் சொல்லுங்க. நான் உள்ள போயிட்டு வாரேன்."

சப்-இன்ஸ்பெக்டர் பூட்டைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், பிறகு நகர்க்காரரைப் பார்த்து, "சாவி எங்கய்யா?" என்றார்.

அவரிடம் சாவி இல்லை. போனை எடுத்துத் தோப்புக்காரரைக் கூப்பிட்டார். ஐந்து கார்களில் வந்தவர்கள் இறங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர், ஐ.டி. கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்த ஒருவர். போன் போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்ப அழுத்தினார். முப்பது அடிச் சாலையை விற்கிற ஆள், அதற்குள் போக வேறொருவரிடம் அனுமதி கேட்டு, வெயிலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். நாலாவது முறை அழுத்தியபோது முதல் கார் பின்னால் எடுத்துத் திரும்பியது. அப்புறம் அடுத்தது.

எனக்கு வேலை போயிற்று. அந்த வங்கி என்னை மறுபடி பட்டியலில் சேர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. தனியாக ஒரு பலகை மாட்டிக்கொண்டு மீதி ஆறு வருஷத்தை ஓட்டினேன். விற்பவர்கள் என்னைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள். வாங்குகிறவர்கள் தேடி வந்தார்கள். வழக்கு எதுவும் வரவில்லை. ஏற்கெனவே குடிவந்துவிட்ட மூன்று குடும்பங்கள் இன்னும் பாதைக்காக அலைந்துகொண்டிருக்கிறார்கள், அவர்களுக்காகச் சாட்சி சொல்லக் கூப்பிடும்போதெல்லாம் போகிறேன். உங்களில் யாராவது, அறிக்கையைத் திரும்ப வாங்கினால் பெயர் கெட்டுவிடுமே என்று கேட்டால், ஆமாம், கெடும். கெட்டுப் போகட்டும். தப்பான அறிக்கையின் அடியில் நல்ல பெயரோடு நிற்பதைவிட எனக்கு அது பரவாயில்லை.

அந்தத் தம்பதி புதுப்பட்டினத்துக் கடைத்தெருவுக்குப் பின்னால் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். பழைய வீடு, சுவரெல்லாம் உப்பு பூத்திருக்கும். எந்த விளம்பரத் தாளிலும் அதற்கு இடம் கிடைத்திருக்காது. வாரத்துக்கு மூன்று நாள் வேன் வாசலில் வந்து நின்றது, அவர் அந்த அம்மாவைப் பிடித்து ஏற்றினார், இறக்கினார். இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தார்கள் அப்படி. கடைசி நாள் ஆம்புலன்ஸும் வாசலில் வந்துதான் நின்றது.